சனிக்கிழமை டெனிஸ்: அவுஸ்திரேலியச் சிற்றூர்கள் கற்பிக்கும் பாடம்

விளையாட்டுத் துறையில் ஒரு நாடு புகழ்பெற்று விளங்கும்போது, அந்நாட்டின் தலைசிறந்த வீரர் இருவர் மூவரின் பெயர்களையே நாம் மீண்டும் மீண்டும் பேசி மகிழ்கின்றோம். உச்சிக் கொம்பிற் பழுத்த கனியைக் கண்டு வியக்கும் நாம், அம்மரத்தின் வேரை நோக்குவதில்லை. மாலை வேளையிற் கழகத்துக்குச் சென்று ஒரு மணி நேரம் பந்தடித்துத் திரும்பும் சாதாரண டெனிஸ் ஆட்டக்காரரும் இதற்கு விலக்கல்லர். உலக வீரர் ஒருவரின் கைவீச்சைப் பார்த்துவிட்டுத் தாமும் அவ்வாறே அடிக்க முயல்கின்றார். அம்முயற்சி பெரும்பாலும் வலையிலேயே சென்று முடிகின்றது. ஆனால், அவ்வீரரை வளர்த்துவிட்ட கழகம் எத்தகையது, அங்கே நம்மைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்று ஆராய்ந்தால், எவரும் பின்பற்றத்தக்க செய்திகள் பல கிடைக்கும். அவ்வகையில் ஆராய்வதற்கு அவுஸ்திரேலியா மிகப் பொருத்தமான நாடு.

1950ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சனத்தொகை ஏறத்தாழ 80 இலட்சம். அமெரிக்காவின் சனத்தொகையோ 15 கோடி. அப்படியிருந்தும் 1950 முதல் 1967 வரையுள்ள 18 ஆண்டுகளில், நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கிண்ணத்தை அவுஸ்திரேலியா 15 முறை வென்றது. எஞ்சிய 1954, 1958, 1963 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதிவரை நின்று அமெரிக்காவிடமே தோற்றது. விம்பிள்டனிலும் இதே கதைதான். 1956 முதல் 1971 வரையுள்ள 16 ஆண்டுகளில் ஆண்கள் ஒற்றையர் பட்டம் 13 முறை அவுஸ்திரேலியரின் கைக்கே போய்ச் சேர்ந்தது. இறுதி ஆட்டத்தில் வலைக்கு இருபுறமும் அவுஸ்திரேலியரே நின்ற ஆண்டுகளும் பல உண்டு.

இவ்வீரர்கள் எல்லோரும் பெருநகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளோவெனில், அல்லர். றொட் லேவர் பிறந்தது குயின்ஸ்லாந்து மாநிலத்தின் றொக்ஹாம்ப்டன் என்னும் கால்நடை வியாபார நகரில். றோய் எமர்ஸன் பிளாக்பட் என்ற சிற்றூர்ப் பண்ணையிற் சிறுவயதில் மாடு கறந்தவர். மார்கிரட் கோர்ட் நியூ சவுத் வேல்ஸ் மாநில எல்லையிலுள்ள ஓல்பரியைச் சேர்ந்தவர். இவோன் கூலகொங் வளர்ந்த பரெலன், கோதுமை வயல்களின் நடுவே அமைந்த ஒரு குக்கிராமம். இத்தகைய இடங்களிலிருந்து உலக வீரர் தோன்றவேண்டுமாயின், அங்கே ஏதோ ஒன்று சரியாக நடந்திருத்தல் வேண்டும்.

புற்றுமண் தரை

அவுஸ்திரேலியாவின் நாட்டுப்புறங்களிற் பயணம் செய்வோர் கண்டு வியக்கும் காட்சி ஒன்றுண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வீடுகளே இல்லாத வெளியில், ஒரு பொதுமண்டபமோ சிறு தேவாலயமோ தனித்து நிற்கும். அதன் பக்கத்தில் கம்பி வேலியிட்ட டெனிஸ் ஆடுகளம் ஒன்றோ இரண்டோ இருக்கும். பல மைல் தொலைவிற் சிதறிக் கிடந்த பண்ணைக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை ஒன்றுகூடிய இடம் அதுவே.

ஆடுகளம் என்றதும் இங்கிலாந்தின் பச்சைப் புற்றரையை எண்ணிவிடலாகாது. வெப்பம் மிகுந்த பகுதிகளிற் பலரும் கையாண்டது கறையான் புற்றுமண்ணையே. ஆளுயரத்துக்கு எழுந்து நின்ற புற்றுகளை உடைத்து, பொடியாக்கி, பரப்பி, நீர் தெளித்து, உருளையால் அழுத்துவர். காய்ந்தபின் அத்தரை இறுகிச் சமமாகிவிடும். புற்றுமண்ணின் பசைத்தன்மை நம் கிராமத்தவருக்குப் புதிதன்று. றொட் லேவரின் தந்தையாரும் தம் வீட்டருகே இத்தகைய புற்றுமண் ஆடுகளத்தையே அமைத்தார். நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வெல்லும் அருஞ்செயலை, வேறெந்த ஆணும் இன்றுவரை இருமுறை செய்யாதிருக்க, 1962இலும் 1969இலும் இருமுறை செய்து முடித்த கைகள் பழகிய தரை அது.

இக்கிராமத்து ஆடுகளங்களைப் பேணுவதற்குக் கூலியாட்கள் இருக்கவில்லை. அங்கத்தவர்களே ஒரு நாள் குறித்து, மண்வெட்டியும் தூரிகையும் கொண்டு வந்து, வேலியைத் திருத்துவர், கோடு போடுவர், புல் பிடுங்குவர். நம்மவர் ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற காரியம் இது. இன்றும் அந்நாட்டுக் கழகங்களில் இவ்வழக்கம் உண்டு. தன் கையால் உருளை இழுத்த தரையில் ஆடுபவன், அதனைத் தன் வீட்டு முற்றம்போற் கருதுவான். சந்தா கொடுத்துவிட்டோம், இனி எல்லாம் பிறர் பொறுப்பு என்று எண்ணுபவனுக்கு அந்த உரிமையுணர்வு வாய்ப்பதில்லை.

குழுவுக்காக ஆடும் ஆட்டம்

அவுஸ்திரேலியக் கழக வாழ்வின் உயிர்நாடி வாரந்தோறும் நடைபெறும் குழுப்போட்டியாகும். டெனிஸ் தனியொருவரின் விளையாட்டு என்றே உலகம் எண்ணுகின்றது. அவுஸ்திரேலியரோ அதனைக் கிரிக்கெற், உதைபந்தாட்டம்போலக் குழு விளையாட்டாகவும் ஆக்கிக்கொண்டனர். ஒரு கழகம் தன் அங்கத்தவரைத் திறமைக்கேற்பப் பல குழுக்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு குழுவும் தனக்கு ஒத்த தரத்திலுள்ள அயற்கழகக் குழுவுடன் வாரத்துக்கு ஒருமுறை மோதும். முதற்குழுவில் ஆடுபவர் மாநில வீரராயிருக்கலாம். கடைசிக் குழுவில் ஆடுபவர் சென்ற ஆண்டு மட்டையைக் கையிலெடுத்தவராயிருக்கலாம். இருவருக்கும் சனிக்கிழமை ஒன்றே.

இப்போட்டிகளிற் புள்ளி கணக்கிடும் முறை கவனிக்கத்தக்கது. குழுவினர் வென்ற செட்டுகளின் தொகை முதலிற் பார்க்கப்படும். அது சமமாயின், வென்ற கேம்களின் தொகை வெற்றியை முடிவு செய்யும். இதன் பயன் யாதெனில், ஐந்துக்குப் பூச்சியம் என்று பின்தங்கி நிற்கும் ஆட்டக்காரரும் மனம் தளர்ந்துவிட முடியாது. அவர் போராடிப் பெறும் ஒரு கேம், மாலையிற் கணக்குப் பார்க்கும்போது முழுக்குழுவின் வெற்றிக்கும் காரணமாகலாம். தோற்கும் ஆட்டத்தையும் கடைசிப் பந்துவரை ஆடவேண்டும் என்ற பாடத்தைப் புத்தகம் படித்தோ பேச்சுக் கேட்டோ அவர் கற்கவேண்டியதில்லை. நண்பர் மூவர் வேலியோரம் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அது தானே வந்துவிடுகின்றது.

நம்மிற் பலர் கழகத்திற் பழகும் முறை வேறு. ஒரே நண்பருடன், ஒரே நேரத்தில், ஒரே ஆடுகளத்தில் ஆண்டுக்கணக்கில் ஆடுகின்றோம். அவருடைய பந்து எங்கே விழும் என்பது நமக்குத் தெரியும். நம்முடையது அவருக்குத் தெரியும். இன்பமான பொழுதுபோக்குத்தான், ஆனால் ஆட்டம் வளர்வதில்லை. முன்பின் அறியாத ஒருவர், விளங்காத சுழற்சியுடன் பந்தை அனுப்பும்போதுதான் நம் குறை நமக்குப் புலப்படும். அவுஸ்திரேலியச் சிறுவன் பதினான்கு வயதில் இத்தகைய அந்நியர் பலரைச் சந்தித்துவிடுகின்றான். அவர்களுள் தந்தை வயதினரும் பாட்டன் வயதினரும் இருப்பர். கைவேகம் குறைந்த முதியவர் பந்தைத் தூக்கியும் வெட்டியும், வெயிலைச் சிறுவனின் கண்ணுக்கு நேரே விட்டும் அவனைத் திணறடிப்பார். எந்தப் பயிற்சியாளரும் கூலிக்குக் கற்பிக்க முடியாத வித்தை அது.

பெண்களுக்கும் இதிற் சரிபங்குண்டு. நாட்டுப்புறக் கழகங்களிற் கணவனும் மனைவியும், தந்தையும் மகளும் ஒரே குழுவில் ஆடுவது சாதாரணம். வார நாட்களிற் பெண்களுக்கெனத் தனிப் போட்டிகளும் நடைபெறுகின்றன. ஆட்டத்தின் இடையே தேநீர் வேளை வரும். ஒவ்வொரு வீட்டாரும் ஒரு தட்டிற் பலகாரம் கொண்டுவந்து மேசையில் வைப்பர். எதிர்க்குழுவினருக்கே முதலிற் பரிமாறப்படும். ஒரு மணி நேரத்துக்கு முன் வலைக்கு அப்பால் நின்று பகைவர்போல் அடித்தவர், இப்போது பக்கத்திலமர்ந்து மழையைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் பேசுவார்.

வேலிக்கு வெளியே நின்ற மூவர்

அவுஸ்திரேலிய டெனிஸ் வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடுவன மூன்று குழந்தைகளின் கதைகள். மூவரும் முதலில் வேலிக்கு அப்பால் நின்றே ஆட்டத்தைப் பார்த்தவர்கள்.

முதலாமவர் றொட் லேவர். சார்லி ஹொலிஸ் என்னும் பயிற்சியாளர் லேவரின் தமையன்மார் இருவருக்கும் இரவில் விளக்கொளியிற் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தார். உறங்கச் சென்றிருக்கவேண்டிய தம்பி, இரவு உடையுடன் கம்பி வேலியில் முகத்தைப் பதித்து நின்றான். ஹொலிஸ் அவனை உள்ளே அழைத்துச் சில பந்துகளை அடிக்க விட்டார். மெலிந்து குள்ளமாயிருந்த அச்சிறுவனிடம் தமையன்மாரிடம் காணாத ஒன்றை அவர் கண்டார். பின்னாளில் விடியற்காலையிலேயே அவனை ஆடுகளத்துக்கு அழைத்து ஆட்டத்தைப் படிப்படியாகக் கற்பித்தவரும் அவரே.

இரண்டாமவர் மார்கிரட் ஸ்மித். திருமணத்தின்பின் மார்கிரட் கோர்ட் என உலகறிந்தவர். அவருடைய வீட்டில் எவரும் டெனிஸ் ஆடியவரல்லர். ஓல்பரி நகரின் டெனிஸ் ஆடுகளங்கள் வீட்டுக்கருகே இருந்தன. அயலிலுள்ள பையன்களுடன் சேர்ந்து வேலி இடுக்கினால் நுழைந்து, கழகக் கட்டடத்திலிருந்து பார்வைக்கு எளிதிற் படாத ஓர் ஆடுகளத்தில் இவர் திருட்டுத்தனமாக ஆடுவார். பின்புறம் சென்றால் கண்ணிற் பட்டுவிடலாம் என்பதனால், வலையருகே நின்று, பந்து நிலத்தைத் தொடுமுன் அடித்துத் திருப்பப் பழகினார். வோல் றட்டர் என்னும் பயிற்சியாளர் அப்பிள்ளைகளைப் பலமுறை விரட்டியதுண்டு. ஆயினும் ஒருநாள் அவரே மார்கிரட்டைச் சனிக்கிழமைக் காலைப் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். விரட்டியவரே வாயிலைத் திறந்த அந்நாளின் பயனை உலகம் அறியும். 1960இல், 17 வயதிலேயே, மார்கிரட் அவுஸ்திரேலியப் பட்டத்தை வென்றார். 1963இல் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் அவுஸ்திரேலியப் பெண் என்ற பெருமையையும் பெற்றார். ஒற்றையர் ஆட்டத்தில் அவர் வென்ற பெரும் பட்டங்கள் 24.

மூன்றாவது கதை சற்று ஆழமானது. இவோன் கூலகொங் அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளுள் ஒன்றான விராஜுரி இனத்தைச் சேர்ந்தவர். எட்டுப் பிள்ளைகளுள் மூன்றாமவர். தந்தையார் ஆட்டு மயிர் கத்தரிக்கும் தொழிலாளி. அப்பிள் பெட்டிப் பலகையிற் செதுக்கிய மட்டையும் ஒரு பழைய பந்துமே இவோனின் முதல் விளையாட்டுக் கருவிகள். பரெலன் ஆடுகளத்தின் வேலிக்கப்பால் நின்று ஏக்கத்துடன் உள்ளே பார்த்துக்கொண்டிருந்த அச்சிறுமியை பில் கேர்ட்ஸ்மன் என்னும் ஊர்ப் பெரியவர் கண்டார். உள்ளே வந்து ஆடுமாறு அழைத்தார்.

அந்தக் காலத்தை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். அதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மொறீ என்னும் ஊரில் ஆதிக்குடிச் சிறுவர்களைப் பொது நீச்சற்குளத்துக்குள் விடமாட்டோம் என்று தடை வைத்திருந்தனர். 1965ஆம் ஆண்டு சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் அங்கே சென்று போராடவேண்டியிருந்தது. ஓர் ஊர் தன் குளத்தின் கதவைச் சாத்தியது. வேறோர் ஊரில் ஒரு மனிதர் ஆடுகளத்தின் கதவைத் திறந்தார். பரெலன் மக்கள் அத்துடன் நிற்கவில்லை. சிட்னியிலிருந்து வந்த பயிற்சியாளர்கள் இவோனின் திறமையைக் கண்டு சொன்னபோது, அவர் உடைக்கும் பயணத்துக்குமாக ஊரவர் பணம் சேர்த்துக் கொடுத்தனர்.

1971ஆம் ஆண்டு விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டத்தில் 19 வயது இவோன் கூலகொங், மார்கிரட் கோர்ட்டை 6-4, 6-1 என வென்றார். உலகின் மிகப் புகழ்பெற்ற ஆடுகளத்தில் அன்று வலைக்கு இருபுறமும் நின்றவர்கள், ஒரு காலத்தில் வேலிக்கு வெளியே நின்ற இரு நாட்டுப்புறச் சிறுமிகள். ஒன்பது ஆண்டுகளின்பின், 1980இல், ஒரு குழந்தைக்குத் தாயாகிய நிலையில் இவோன் மீண்டும் அப்பட்டத்தை வென்றார். 1914ஆம் ஆண்டுக்குப்பின் தாயொருவர் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றது அதுவே முதன்முறை.

றட்டரும் கேர்ட்ஸ்மனும் உலகப் பட்டம் எதுவும் பெற்றவர்களல்லர். ஆயினும் அவர்கள் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், அந்த இறுதி ஆட்டமே நடைபெற்றிராது. நாம் பெரிய ஆட்டக்காரராக முடியாமற் போகலாம். கேர்ட்ஸ்மனாக ஆவதற்கு மட்டையும் வேண்டியதில்லை, மணிக்கட்டு வலிமையும் வேண்டியதில்லை.

சுவரும் கால்களும்

அவுஸ்திரேலியரின் பயிற்சி முறையிலும் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை உள. சிட்னியிற் பலசரக்கு வியாபாரம் செய்துவந்த றொபேட் ரோஸ்வோல், றொக்டேல் பகுதியில் மூன்று களிமண் ஆடுகளங்களை வாங்கினார். இயல்பில் இடக்கைப் பழக்கமுடைய தம் மகன் கென் ரோஸ்வோலுக்கு வலக்கையால் ஆடக் கற்பித்தவர் அவரே. தந்தையும் மகனும் விடியற்காலையிற் பயிற்சி செய்வர். ஒருவகை அடியை மட்டும் வாரக்கணக்கில் அடித்து, அது கைவந்தபின்னரே அடுத்த அடிக்குச் செல்வர். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்ற நம் பழமொழியை அக்குடும்பம் செயலிற் காட்டியது. கென் ரோஸ்வோலின் பின்கை அடி, டெனிஸ் உலகம் கண்ட மிகச் சீரான அடிகளுள் ஒன்றாயிற்று. உயரத்திலும் உடற்கட்டிலும் சிறியவரான அவர் 1953இல் 18 வயதில் அவுஸ்திரேலியப் பட்டத்தை வென்றார். 1972இல் 37 வயதில் அதே பட்டத்தை மீண்டும் வென்றார். 1974இல், 39 வயதில், விம்பிள்டன் இறுதி ஆட்டத்திலும் அமெரிக்க இறுதி ஆட்டத்திலும் நின்றார். வன்மையை நம்பி ஆடியவர் விரைவில் ஓய்ந்துவிடுவர். சீரான அடியையும் கால்நடையையும் நம்பியவருக்கு வயது அத்துணை விரைவிற் பகையாவதில்லை. நடுவயதைக் கடந்த கழக ஆட்டக்காரருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறென்ன வேண்டும்?

துணைக்கு ஒருவர் இல்லையே என்று பயிற்சியைக் கைவிடுவோர் இவோனின் சிறுவயதை எண்ணிப் பார்க்கலாம். சுவருடன் மணிக்கணக்கில் ஆடியவர் அவர். சுவர் ஒருபோதும் களைப்பதில்லை, தவறவிடுவதுமில்லை. நாம் அனுப்பிய பந்தின் குணத்தை அப்படியே நமக்குத் திருப்பித் தருகின்றது. பத்து நிமிட நேரம் சுவருடன் ஆடுபவர், ஒரு மணி நேர ஆட்டத்திற் சந்திப்பதைவிட அதிகமான பந்துகளைச் சந்தித்துவிடுவார்.

டேவிஸ் கிண்ணக் குழுவின் தலைவராயிருந்த ஹறி ஹொப்மன், கைக்கு முன்னர் காலைப் பழக்கியவர். 1939இல் ஒருமுறையும் 1950க்குப்பின் 15 முறையுமாக 16 வெற்றிகளுக்குத் தலைமை தாங்கிய அவர், தம் வீரர்களை ஓடவும் குதிக்கவும் உடற்பயிற்சி செய்யவும் வைத்தார். ஒருவனுக்கெதிராக இருவரை நிறுத்தி, மூச்சு வாங்கும்வரை இருபுறமும் பந்தை அனுப்பிப் பழக்குவது அவருடைய புகழ்பெற்ற முறை. ஐந்தாவது செட்டில் எதிரியின் கால்கள் தளரும்போது அவுஸ்திரேலியரின் கால்கள் தளராதிருந்ததன் காரணம் அதுவே. றொட் லேவர் ஸ்குவாஷ் பந்தொன்றை எந்நேரமும் கையில் வைத்துப் பிசைந்து, இடக்கை மணிக்கட்டை வலுப்படுத்தினார். மார்கிரட் கோர்ட், பெண்கள் எடை தூக்கிப் பயிலுவது புதுமையாயிருந்த காலத்திலேயே அப்பயிற்சியை மேற்கொண்டார்.

கழக ஆட்டக்காரர் ஹொப்மனின் கடும்பயிற்சியை அப்படியே மேற்கொண்டால் வைத்தியரிடமே செல்லநேரும். ஆனால் அதன் சாரத்தை ஏற்கலாம். நாற்பது வயதில் மட்டையை மாற்றுவதைக் காட்டிலும், வாரத்தில் இருநாள் வேகமாக நடந்து கால்களைப் பழக்குவது ஆட்டத்துக்கு நல்லது. பந்தைத் தவறவிட்டதும் கையைப் பழிக்கின்றோம். பெரும்பாலும் தவறு காலில் இருக்கின்றது. பந்து வரும் இடத்துக்கு நாம் உரிய நேரத்திற் சென்று சேரவில்லை.

இருவர் சேர்ந்த பலம்

அவுஸ்திரேலியர் இரட்டையர் ஆட்டத்தை ஒற்றையரின் இளைய தம்பியாக ஒருபோதும் கருதியதில்லை. றோய் எமர்ஸன் வென்ற 28 பெரும் பட்டங்களுள் 16 இரட்டையர் பட்டங்கள். ஜோன் நியூகொம்ப், டொனி றோச் இணை 12 பெரும் பட்டங்களை வென்றது. டொட் வூட்பிரிட்ஜ், மார்க் வூட்போர்ட் இணை 1996இல் ஒலிம்பிக் தங்கப் பதக்கமும் பெற்றது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் மத்தியூ எப்டனும் ஜோன் பியர்ஸும் அதே தங்கத்தை மீண்டும் வென்றனர். முதற்பந்தைப் போடுபவரும் துணைவரும் ஒரே பக்கத்தில் நின்று எதிரியைக் குழப்பும் முறைக்கு உலகெங்கும் அவுஸ்திரேலிய முறை என்றே பெயர்.

சனிக்கிழமைக் குழுப்போட்டிகளில் இரட்டையர் ஆட்டமே பெரும்பங்கு வகிப்பதும், இந்த வலிமையும் தொடர்புடையவை. கழகத்தில் நாம் ஆடுவதும் பெரும்பாலும் இரட்டையரே. ஆனால் துணைவருடன் பேசாமல், அவர் தவறினால் முகம் சுளித்து, நடுவில் வரும் பந்தை இருவருமே விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்து நிற்பதே பலரின் வழக்கம். அவுஸ்திரேலிய இணைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்பு ஓரிரு சொற்கள் பேசிக்கொள்வதையும், தவறிய துணைவரைத் தட்டிக் கொடுப்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். வாய்ச்சொல் சிக்கனமான பொருள். ஆனால் அது சம்பாதிக்கும் புள்ளிகள் பல.

ஒழுக்கம் என்னும் அழகு

கழகப் போட்டிகளில் நடுவர் இருப்பதில்லை. தம் பக்கத்திற் பந்து கோட்டுக்குள் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தாமே சொல்லவேண்டும். ஐயம் ஏற்பட்டால் எதிரிக்கே அதன் நன்மையைக் கொடுக்கவேண்டும். இது எல்லா நாட்டுக்கும் பொதுவான மரபே. ஆனால் அடுத்த சனிக்கிழமையும் அதே மனிதர்களுடன் ஆடி, அதே மேசையில் தேநீர் அருந்தவேண்டியிருக்கும் ஊரில், அம்மரபுக்கு உயிர் இருக்கும். பொய்யாகப் பெற்ற ஒரு புள்ளி ஊர் முழுதும் பேசப்படும்.

ஹொப்மனும் இதிற் கண்டிப்பானவர். ஒழுங்கு தவறிய வீரருக்குத் தண்டம் விதிக்கவும் அவர் தயங்கவில்லை. அதே வேளையில் இளைஞரின் மனமறிந்து நடந்தவரும் அவரே. 1953ஆம் ஆண்டு மெல்பேர்ணின் கூயோங் மைதானத்தில் அமெரிக்காவுடன் டேவிஸ் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது. அவுஸ்திரேலியா ஒன்றுக்கு இரண்டு எனப் பின்தங்கியிருந்தது. 19 வயதான லூ ஹோட், மழையில் நனைந்த தரையில் வழுக்கி விழுந்தார். ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, ஹொப்மன் ஒரு துவாயை எடுத்து வேடிக்கையாக அவர் முகத்தின்மேல் எறிந்தார். பையன் சிரித்தான், மனச்சுமை இறங்கியது. அந்த ஆட்டத்தை ஹோட் ஐந்தாவது செட்டில் 7-5 என வென்றார். மறுநாள் அவரை ஒத்த வயதினரான ரோஸ்வோல் எஞ்சிய ஆட்டத்தையும் வெல்ல, கிண்ணம் அவுஸ்திரேலியாவிலேயே தங்கியது. தோற்கப்போகும் இளைஞனை ஏசுவதிலும், சிரிக்கவைப்பதில் அதிக பயனுண்டு என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் இதிலிருந்து கற்கலாம்.

தேய்வும் வளர்ச்சியும்

அவுஸ்திரேலியாவின் கொடி எக்காலமும் உச்சியிற் பறந்ததென நாம் கூறவரவில்லை. மற்றைய நாடுகள் முன்னேறின. 1976இல் மார்க் எட்மண்ட்ஸன் வென்றதன்பின், தம் நாட்டு ஒற்றையர் பட்டத்தை வேறெந்த அவுஸ்திரேலிய ஆணும் வென்றதில்லை. டேவிஸ் கிண்ணத்தை இறுதியாக அவர்கள் வென்றது 2003இல். சிற்றூர் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததனால் புல் முளைத்துப்போன ஆடுகளங்களும் உள.

ஆனாலும் வேர் முற்றாகக் காயவில்லை. பிரிஸ்பேன் நகரில் ஜிம் ஜோய்ஸ் என்னும் பயிற்சியாளரிடம் பெற்றோர் ஒரு சின்னஞ்சிறுமியை அழைத்து வந்தனர். அத்துணை இளம் பிள்ளைகளை அவர் சேர்த்துக்கொள்வது வழக்கமன்று. ஆயினும் ஒரு பந்தை எறிந்து பார்த்தார். அது நேரே அவரிடமே திரும்பி வந்தது. அடுத்த வாரமும் வரச் சொன்னார். அச்சிறுமி தன்னிலும் மூத்த பையன்களுடனும், பின்னர் வளர்ந்த ஆண்களுடனும் ஆடிப் பழகினாள். அவரே ஆஷ்லி பார்ட்டி. கூலகொங்கைப் போலவே ஆதிக்குடி வழியினரான அவர், இவோனின் முதல் வெற்றிக்குச் சரியாக 50 ஆண்டுகளின்பின், 2021இல் விம்பிள்டன் பட்டத்தை வென்றார். இவோனின் பழைய ஆடையை நினைவூட்டும் உடையை அணிந்தே அவர் அங்கு ஆடினார். 2022இல் அவுஸ்திரேலியப் பட்டத்தையும் வென்று, 44 ஆண்டுகளாக அந்நாட்டவர் காத்திருந்த குறையைத் தீர்த்தபின், அதே ஆண்டில் 25 வயதிலேயே ஓய்வு பெற்றார்.

நமது கழகங்களில்

டெனிஸ் ஆட்டத்தை நம் நாட்டுக்குக் கொணர்ந்தவரும் ஆங்கிலேயரே. இங்கே அது துரைமாரின் கழகங்களில் உயர்ந்த மதிலுக்குள் வளர்ந்தது. சுதேசிச் சிறுவர் பந்து பொறுக்கவே உள்ளே சென்றனர். அக்காலம் மறைந்துவிட்டது. ஆயினும் மதிலின் நிழல் சில உள்ளங்களில் இன்னும் உண்டு. கழகம் என்பது சிலர் கூடிப் பிறரை வெளியே நிறுத்தும் இடம் என்ற எண்ணமே அந்நிழல். அவுஸ்திரேலியச் சிற்றூர் நமக்குக் கற்பிப்பது இதற்கு நேர்மாறானது.

ஆகவே, புதிய மட்டை வாங்கக் கருதும் அன்பர்கள் அதற்கு முன் சில காரியங்களைச் செய்து பார்க்கலாம். திறமையிற் குறைந்தவரோடு வாரத்தில் ஒரு செட்டாவது ஆடுக. அயற்கழகத்தாரை அழைத்து, கடைசி நிலை ஆட்டக்காரருக்கும் இடமளிக்கும் குழுப்போட்டி ஒன்றை நடத்துக. மாதத்தில் ஒருநாள் உருளையையும் தூரிகையையும் தம் கையால் தொடுக. அனைத்துக்கும் மேலாக, வேலிக்கு வெளியே ஒரு குழந்தை நின்று பார்க்கின்றதா என்று சற்றுத் திரும்பிப் பார்க்க. நிற்குமாயின், ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, கதவின் கொளுக்கியை எடுத்துவிடுவது அன்றைய நாளின் மிகச் சிறந்த அடியாக அமையலாம்.